கிளட்ச் பிளேட் மாற்றியதாகச் சொல்லி 31,500 ரூபாய்க்கு உலை வைத்துவிட்டார்கள்

நேற்று மாலை பட்டறைக்காரர் கடைசியாகக் கையை விரித்துவிட்டார். வயிறு எரிகிறது. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் ரோட்டவேட்டர் (டிராக்டருக்குப் பின்னால் மாட்டி, சுழலும் கத்திகளால் மண்ணைக் கிளறும் கருவி) வைத்திருப்பவர்கள் உழவுக்கு இறங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

நான் சொல்வது டிராக்டரின் கிளட்ச் அல்ல, ரோட்டவேட்டரைச் சுழற்றும் தண்டில் இருக்கும் கிளட்ச். அதன் பிளேட்டுகளை ஸ்பிரிங்குகள் அழுத்திப் பிடித்திருக்கும். கத்தி கல்லில் மாட்டினால் அது வழுக்கிக்கொடுத்து கியர் பாக்ஸைக் காப்பாற்ற வேண்டும். மழைக்காலம் முழுக்கக் கொட்டகையில் நின்ற ரோட்டவேட்டரில் பிளேட்டுகள் துருவேறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இது எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் ஓட்டுவதற்கு முன்பே உழவுக் கருவிகள் பழுது பார்க்கும் அந்தப் பட்டறைக்குக் கொண்டுபோனேன்.

பட்டறைக்காரர் புதுப் பிளேட் ஒன்றைக் காகிதத்திலிருந்து பிரித்து என் உள்ளங்கையில் வைத்தார். "தொட்டுப் பாருங்கள் அண்ணா, சொரசொரப்பு எப்படி இருக்கிறது! உங்கள் அப்பா காலத்திலிருந்து வருகிறீர்கள், உங்களிடம் தப்புச் செய்வேனா?" என்றார். அப்பா பெயரை எடுத்ததும் நான் அடங்கிவிட்டேன். டீ வாங்கிக் கொடுத்தார், குடித்தேன். மறுநாள் 7,800 ரூபாயை எண்ணிக் கொடுத்தேன். ரசீது கேட்கவில்லை. பழைய பிளேட்டுகள் எங்கே என்றும் கேட்கவில்லை.

தென்னந்தோப்பில் இரண்டாவது சால். மண்ணுக்குள் கிடந்த பாறைக்கல்லில் கத்தி மாட்டியது. கிளட்ச் வழுக்கவே இல்லை. 'மடார்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கியர் பாக்ஸில் கிரவுன், பினியன் என்ற இரண்டு பல்சக்கரங்களும் பல் உதிர்ந்து கிடந்தன. சரிசெய்ய 23,700 ரூபாய். இரண்டும் சேர்த்து 31,500 ரூபாய்.

பொள்ளாச்சியிலிருந்து வந்த மெக்கானிக் என் கண் முன்னால் கிளட்சைப் பிரித்தார். ஸ்பிரிங் சுற்றுகள் ஒன்றையொன்று தொடும் அளவுக்கு நட்டுகளை முறுக்கியிருந்தார்கள். இடையில் ஓர் ஆணி நுழையாது. அப்படி இறுக்கினால் கிளட்ச் எப்படி வழுக்கும்? உள்ளே இருந்தவை அதே பழைய பிளேட்டுகள். தட்டிப் பிரித்தபோது செந்தூள் என் கையில் கொட்டியது. வெளியே மட்டும் வெள்ளிப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள்!

முதல் நாள் போனேன், "முதலாளி வெளியூர்" என்றார்கள். அடுத்த நாள், "கல் கிடக்கும் இடத்தில் ஓட்டினால் நாங்கள் என்ன செய்வது?" கல்லுக்காகத்தானே ஐயா அந்தக் கிளட்ச்! மூன்றாம் நாள் தொலைபேசியை எடுக்கவில்லை. நேற்று, "ரசீது இருக்கிறதா அண்ணா?" என்று அதே வாயால் கேட்டார். 31,500 ரூபாய், கடலை விதைக்க வைத்திருந்த பணம்.

பராமரிப்பை விரிவாக எழுத நினைத்தேன், மனம் ஓடவில்லை. இவற்றை மட்டும் செய்யுங்கள். நட்டைத் தளர்த்தும் முன் ஸ்பிரிங் நீளத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பிளேட்டுகளின் ஓரத்தில் குறுக்காகச் சாக்பீஸ் கோடு போடுங்கள். எல்லா நட்டையும் ஒரே அளவு தளர்த்திவிட்டு, பக்கத்தில் யாரும் இல்லாதபோது பி.டி.ஓ.வை (ரோட்டவேட்டருக்குச் சுழற்சி கொடுக்கும் டிராக்டரின் பின்தண்டு) ஓரிரு நொடி ஓட்டி நிறுத்துங்கள். கோடு விலகியிருந்தால் வழுக்குகிறது என்று பொருள். விலகாவிட்டால் பிரித்துத் துருவை எடுத்தே ஆக வேண்டும். பிறகு பழைய அளவுக்கே இறுக்குங்கள், அதற்கு மேல் ஒரு சுற்றுகூட வேண்டாம். பிளேட்டில் எண்ணெயோ கிரீஸோ படக் கூடாது. பட்டறையில் கொடுத்தால் பக்கத்திலேயே நில்லுங்கள், பழைய பிளேட்டைக் கையில் வாங்குங்கள், ரசீது வாங்குங்கள்.

கழற்றிய பிளேட்டுகளைச் சாக்கில் கட்டி வைத்திருக்கிறேன். நாளைக் காலை அவர் கடை வாசலில் கொண்டுபோய்க் கொட்டப் போகிறேன்.