மாலுக்குப் பின்தெருவா, கடைத்தெருவுக்குப் பின்தெருவா?

தி. நகரில் உஸ்மான் சாலையை ஒட்டிய தெருவில் பல வருடம் வாடகைக்கு இருந்தோம். இப்போது வேளச்சேரியில், ஃபீனிக்ஸ் மார்க்கெட்சிட்டிக்கு நடந்து போகும் தூரத்தில் சொந்த வீடு. பக்கத்தில் பெரிய மால் வரப்போகிறது என்றாலே குடியிருப்பவர்கள் பதறுகிறார்கள். அந்தப் பதற்றம் நியாயமானதுதான். ஆனாலும் இரண்டு இடத்திலும் இருந்து பார்த்தவர்கள் என்ற முறையில், மாலுக்குப் பின்தெருவே தேவலாம் என்று முடிவெடுத்துத்தான் வீடு வாங்கினோம்.

கூட்டம், சத்தம், குப்பை எல்லாம் இரண்டு இடத்திலும் உண்டு. ஞாயிறு மாலை வேளச்சேரி பிரதான சாலையில் வண்டிகள் ஊர்ந்துதான் போகும். ஆடித் தள்ளுபடியிலும் தீபாவளிக்கு முந்தைய வாரங்களிலும் ரங்கநாதன் தெருப் பக்கம் எப்படி இருக்கும் என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. வாழ்வதற்கான வசதியில் தி. நகருக்கு ஈடே கிடையாது: மாம்பலம் ஸ்டேஷன், காய்கறி, பூ, தையல்காரர் எல்லாம் காலடியில். 2019இல் பாண்டி பஜாரில் அகல நடைபாதை போட்ட பிறகு அங்கே நிம்மதியாக நடக்கவும் முடிகிறது.

எங்களுக்கு முடிவைத் தீர்மானித்தது ஒரே கேள்வி. கடைக்கு வருகிற வண்டியும் சரக்கும் யாருடைய இடத்தில் நிற்கின்றன?

தி. நகரின் பல பெரிய கடைகள், குடியிருப்பு மனையாக இருந்த நிலத்தில் மாடி மேல் மாடியாக எழுந்தவை. செட்பேக் என்று கட்டடத்தைச் சுற்றிக் காலியாக விட வேண்டிய இடம் பெயருக்குக்கூட இல்லாத கட்டடங்கள் உண்டு. அதனால் கடையின் பார்க்கிங் என்பது எங்கள் தெருவேதான். பண்டிகை நாட்களில் கேட்டை மறித்து டூவீலர்கள் வரிசையாக நிற்கும். விடிகாலையில் லோடு வண்டிகள் தெருவில் நின்றபடியே பண்டல் இறக்கும். வீட்டில் வயதானவர் இருக்கும்போது, ஆம்புலன்ஸ் வாசல் வரை வருமா என்ற கவலை பண்டிகை முடியும்வரை போகாது.

இது வெறும் அசௌகரியம் மட்டும் இல்லை. 2017 மே 31 அன்று உஸ்மான் சாலையில் சென்னை சில்க்ஸ் கட்டடம் தீப்பிடித்து மறுநாளும் எரிந்தது. கட்டடத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது, மிச்சத்தைப் பிறகு இடித்தே எடுத்தார்கள். சுற்றி இருந்த குடும்பங்கள் புகைக்கு நடுவே வீட்டைவிட்டு வெளியேற வேண்டியிருந்தது. ஒரு கடை தன்னைச் சுற்றி எவ்வளவு இடம் விட்டிருக்கிறது என்பது அடுத்த வீட்டுக்காரரின் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். அதற்கு முன்பே, 2011இல், விதிமீறலுக்காக அந்தப் பகுதியில் பல கட்டடங்களுக்குச் சீல் வைத்தார்கள். பொங்கல் நெருங்கும்போது உச்ச நீதிமன்றத்தில் இடைக்கால அனுமதி வாங்கிக் கடைகள் திறந்தன. கட்டி முடித்து வியாபாரமும் சூடுபிடித்த பிறகு ஒரு கட்டடத்தை மாற்றுவது எவ்வளவு கடினம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

மாலில் குறைந்தபட்சம் வண்டிகளை நிறுத்த நிலத்தடித் தளம் இருக்கிறது, சரக்கு இறக்கத் தனி வாசல் இருக்கிறது, சுற்றிலும் தீயணைப்பு வண்டி போக வழி விட வேண்டும். அது போதுமா என்பது வேறு கேள்வி. பார்க்கிங் கட்டணம் ஏறினால் எந்த மாலாக இருந்தாலும் கொஞ்சம் வண்டிகள் பக்கத்துத் தெருவுக்கு நகரத்தான் செய்யும். ஆனால் கேள்வி கேட்க ஒரே நிர்வாகம் இருக்கிறது, கையில் பிடிக்க ஒரு காகிதமும் இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டரைத் தொடும் கட்டடத்துக்கு முன் அனுமதி வேண்டும். அனுமதிக் கடிதத்தில் வாகன நிறுத்தம், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு, மழைநீர் வடிகால் என்று நிபந்தனைகள் வரும். அவற்றைக் கடைப்பிடித்ததாக ஆறு மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை தர வேண்டும். அது பொது ஆவணம், குடியிருப்போர் நலச்சங்கம் தாராளமாகக் கேட்டு வாங்கலாம். தெருவில் வரிசையாக நிற்கும் கடைகளோ தனித்தனி உரிமையாளர்களுடையவை, பெரும்பாலும் அந்த அளவை எட்டாதவை. யாரிடம் போய் எதைக் கேட்பது?

இதில் எனக்கு ஆறாத கோபம் ஒன்று உண்டு. இந்த அறிவிக்கையின் கீழ் கட்டடத் திட்டங்களுக்கு மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் கிடையாது. தெருவே மாறப்போகிறது, ஆனால் தெருக்காரர்களைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டியதில்லையாம். இதை மாற்றியே ஆக வேண்டும்.

நான் உறுதியாகச் சொல்ல முடியாதவையும் உண்டு. நாங்கள் வந்தது மால் திறந்து சில வருடங்கள் கழித்து. 2013க்கு முன்பே இங்கே இருந்தவர்கள், கட்டுமானக் காலத்துத் தூசியையும் இரைச்சலையும் தாங்கியவர்கள், வேறு கணக்குச் சொல்லலாம். மறுவிற்பனையில் மால் எவ்வளவு கூட்டித் தரும் என்பதும் விற்றுப் பார்த்தால்தான் தெரியும். வேளச்சேரியில் வீட்டின் மதிப்பை முதலில் கூட்டுவதும் குறைப்பதும் வெள்ளம்தான். 2015 டிசம்பரில் அந்தத் தெருவில் தண்ணீர் எங்கே வரை நின்றது என்று கேட்காமல் இங்கே யாரும் முன்பணம் தரக்கூடாது.

மால் இனிமேல்தான் வரப்போகிறது என்றால், நலச்சங்கம் முதலில் வரைபடத்தை வாங்கிச் சரக்கு வாசல் எந்தச் சாலையில் இருக்கிறது என்று பார்க்கட்டும். பின்தெருவில் இருந்தால் அஸ்திவாரம் போடுவதற்குள் எழுத்தில் ஆட்சேபம் கொடுத்துவிடுங்கள், ஒப்புகைச் சீட்டும் வாங்கி வையுங்கள்.