ஸ்டாக் கிளாஸில் ஐந்து சீசன்: மாற்றியதில் எது தங்கியது?

ஐந்து சீசனாக ஒரே காரைக் கார் பந்தயத்தின் ஸ்டாக் கிளாஸில், அதாவது கம்பெனியில் இருந்து வந்தபடியே உள்ள கார்களுக்கான பிரிவில் ஓட்டுகிறேன். 1.6 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக், முன்சக்கர இயக்கம், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. வார நாளில் வேலைக்குப் போவதும் இதில்தான். விதிப்புத்தகம் எதையெல்லாம் மாற்ற விடுகிறதோ அதில் ஏறக்குறைய எல்லாவற்றையும் ஒருமுறையாவது மாற்றிப் பார்த்துவிட்டேன். பாதிக்கு மேல் கழற்றியும் விட்டேன். எது காரில் தங்கியது, எது ஷெட்டில் அட்டைப்பெட்டிக்குள் கிடக்கிறது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் விதியைப் பற்றி. சாலை விதி ‘இது கூடாது’ என்று சொல்லும், சொல்லாததைச் செய்யலாம். ஸ்டாக் கிளாஸில் தலைகீழ். ‘இதை மாற்றலாம்’ என்று எழுதியிருந்தால் மட்டுமே மாற்றலாம். புத்தகம் மௌனமாக இருந்தால் பதில் ‘கூடாது’. எஞ்சின் கம்ப்யூட்டர், ஸ்பிரிங், பாகங்கள் இணையும் இடத்தில் இருக்கும் ரப்பர் புஷ், சீட் எல்லாம் கம்பெனியில் இருந்து வந்தபடியே இருக்க வேண்டும். பிரேக் பேடு, பிரேக் ஆயில், பிரேக் ஹோஸ், டயர், ரிம், ஷாக் அப்சார்பர், வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் ஆன்டி ரோல் பாரில் ஏதாவது ஒன்று, ஏர் ஃபில்டர், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குப் பின்னால் உள்ள சைலன்சர் குழாய், இவ்வளவுதான் எங்களுக்குத் திறந்திருக்கும் கதவு. அமெரிக்காவில் எஸ்.சி.சி.ஏ. என்ற கார் பந்தய அமைப்பு நடத்தும், கூம்புகளுக்கு நடுவே ஓட்டும் ஆட்டோகிராஸின் ஸ்ட்ரீட் பிரிவும் பெரும்பாலும் இதே கோட்டில்தான் இருக்கிறது. 2014க்கு முன் அதற்கும் ஸ்டாக் என்றுதான் பெயர்.

நான் செய்த முதல் தவறு, அந்த அனுமதிப் பட்டியலைக் கடைக்கு எடுத்துப்போகும் சாமான் பட்டியல்போலப் படித்தது. இரண்டாவது தவறு இன்னும் மோசம். இரண்டாம் சீசன் தொடக்கத்தில் முன் சக்கரத்தைக் காரோடு இணைக்கும் கன்ட்ரோல் ஆர்மின் ரப்பர் புஷ் வெடித்திருந்தது. பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுக்கும். ஒர்க்‌ஷாப்பில், ‘ரப்பர் எதுக்கு, பாலியூரத்தேன் போட்டுடலாம், ஆயுசுக்கும் வரும்’ என்றார்கள். தேய்ந்ததை மாற்றுவது பராமரிப்புதானே என்று நானும் தலையாட்டினேன். அடுத்த போட்டியில் மூன்றாம் இடம் வந்தேன். கார் விதிப்படி இருக்கிறதா என்று பார்க்கும் ஸ்க்ரூட்டினியில் காரைத் தூக்கி, டார்ச் அடித்துப் பார்த்த அதிகாரி குரலை உயர்த்தவே இல்லை. ‘இந்த சிவப்பு புஷ் எந்த விதியில இருக்கு, காட்டுங்க’ என்றார். காட்ட முடியவில்லை. முடிவு ரத்து.

கோபம் வந்தது உண்மை. வீட்டுக்கு வந்து புத்தகத்தைப் புரட்டினால் தெளிவாக இருக்கிறது: தேய்ந்த பாகத்துக்குப் பதில் அதே வகை, அதே பொருள், அதே அளவு. பாலியூரத்தேன் ரப்பரைவிட விறைப்பானது, சுமை ஏறும்போது சக்கரத்தின் கோணம் குறைவாக அசையும், அது ஆதாயம். அதிகாரி சொன்னது சரி.

ஆனால் இந்த அவமானத்தில் ஒரு நல்லது நடந்தது. சிவப்பு புஷ்களைப் பிடுங்கிவிட்டு ஒரிஜினல் ரப்பர் புஷ்களைப் புதிதாகப் போட்டேன். கையோடு எஞ்சின் மவுன்ட், ஸ்ட்ரட் டாப் மவுன்ட், பால் ஜாயின்ட் எல்லாமும் புதிது. கார் வேறு கார் ஆகிவிட்டது. அதுவரை வாங்கிப் பூட்டிய எந்த ‘பெர்ஃபார்மன்ஸ்’ பாகமும் தராத துல்லியம் அந்த ஒரு வாரத்தில் வந்தது. பத்து வருடம் ஓடிய காரை ஸ்டாக் கிளாஸுக்குக் கொண்டு வருகிறவர் எதையும் மேம்படுத்தும் முன் அதை ஒருமுறை உண்மையிலேயே ஸ்டாக் ஆக்கிவிட வேண்டும். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன் என்பது வேறு.

பிரேக்குக்கு வருகிறேன். முதல் சீசனில் பேடை மட்டும் நல்லதாக மாற்றி, ஆயிலைப் பழையதாகவே விட்டிருந்தேன். ஆறாவது லாப், நீளமான நேர்ப்பாதையின் முடிவு, மிதித்தேன், பெடல் பஞ்சு போலக் கீழே போனது. இரண்டாவது மிதியில் கொஞ்சம் பிடித்தது. மணல் பள்ளத்தில் போய் நின்றேன், காருக்கு ஒன்றுமில்லை. நடந்தது என்னவென்றால், பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். டாட் 4 ஆயிலுக்குப் புதிதில் கொதிநிலை குறைந்தபட்சம் 230 டிகிரி செல்சியஸ்; ஈரம் ஏறியபின் தர அளவுகோல் கேட்பதே 155 டிகிரிதான். பேடை அழுத்தும் கேலிப்பரில் ஆயில் கொதித்து ஆவிக்குமிழி உண்டானால் நீங்கள் மிதிப்பது ஆயிலை அல்ல, ஆவியை. இப்போது இரண்டு போட்டிக்கு ஒருமுறை ஆயிலை மாற்றிவிடுகிறேன். டாட் 5 என்று எழுதிய டப்பாவை மட்டும் எடுத்துவிடாதீர்கள், அது சிலிகான். மற்றதோடு கலக்கக் கூடாது. டாட் 5.1 வேறு, அதைப் போடலாம்.

பேடில் நான்கு வகை பார்த்தேன். முழு ரேஸ் பேடு சூடேறினால்தான் கடிக்கும். காலையில் வேலைக்குப் போகும் வழியில் முதல் சிக்னலில் அது கடிக்கவே இல்லை, வியர்த்துவிட்டது. கீச்சிடும் சத்தம் தனி. ரிம்மில் ஒட்டும் கருந்தூள் மழையில் நனைந்து துருப்பிடித்து வண்ணத்தையே தின்றது. இப்போது சாலைக்கும் டிராக்குக்கும் நடுவில் உள்ள ஒரு கலவை போடுகிறேன். டிராக்கில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறேன், பரவாயில்லை. எஃகுப் பின்னல் போட்ட பிரேக் ஹோஸ் போட்டபோது பெடல் கெட்டியானது போலத் தோன்றியது. கூடவே ஆயிலும் புதிது என்பதால் எதனால் என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. அதில் ஒரு குறை, உள்ளே இருக்கும் குழாயில் விரிசல் விட்டால் பின்னலுக்கு வெளியே தெரியாது. புதிய ரப்பர் ஹோஸுக்குத் திரும்பிவிட்டேன்.

டயரைப் பற்றி மட்டும் ஒரு நாள் முழுக்கப் பேசலாம். எங்கள் விதி, டயர் எவ்வளவு நாள் தேயாமல் தாங்கும் என்று சொல்லும் டிரெட்வேர் எண் 200க்குக் குறையக்கூடாது என்கிறது. அந்த எண்ணை டயர் கம்பெனியே தன் டயருக்குச் சோதித்துக் கொடுத்துக்கொள்கிறது என்பது பலருக்குத் தெரியாது. அதனால் ஒரே 200 போட்ட இரண்டு டயர்களுக்குள் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கலாம். காரில் மாற்றிய மற்ற எல்லாவற்றையும் கூட்டினாலும் நல்ல டயர் தந்த நேரத்துக்கு ஈடாகாது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் டயர் வாங்கிவிட்டால் முடிந்தது என்றில்லை. புது டயரின் ரப்பர் கட்டைகள் உயரமாக இருப்பதால் நெளியும். பாதி தேய்ந்தபின் உலர்ந்த டிராக்கில் வேகம் கூடுகிறது, மழையில் அதே டயர் படகாகிவிடுகிறது. சூடேறி ஆறி, சூடேறி ஆறி, ரப்பர் இறுகிவிடும். என் இரண்டாவது செட்டில் கோடு இன்னும் நிறைய இருந்தது, பிடிப்பு இல்லை. ‘இன்னும் தேயலையே’ என்று அரை சீசன் இழுத்தேன். வீண். காற்று விஷயத்தில் என் பழக்கம் இது: குளிரில் 28 பி.எஸ்.ஐ. வைத்துத் தொடங்கி, ஓட்டிவிட்டு வந்த நிமிடமே அளந்து, நான்கிலும் 35க்கு அருகில் கொண்டுவருவேன். வேறு காருக்கு வேறு எண், அளக்கும் பழக்கம் மட்டும் பொது.

ஊசி வெப்பமானி ஒன்று வாங்கி டயரின் உள் ஓரம், நடு, வெளி ஓரம் மூன்றையும் குத்திப் பார்த்தேன். முன் டயரின் வெளி ஓரம் உள் ஓரத்தைவிட இருபது டிகிரிக்கு மேல் கொதிக்கிறது. கார் சாயும்போது சக்கரமும் சேர்ந்து சாய்ந்து, தோள்பட்டையில் ஓடுகிறது என்று அர்த்தம். நெகடிவ் கேம்பர் வேண்டும், அதாவது சக்கரத்தின் மேல் பகுதி உள்ளே சாய்ந்திருக்க வேண்டும். எங்கள் விதியில் அதை மாற்ற உதவும் கேம்பர் பிளேட் கிடையாது. ஷாக் அப்சார்பர் உள்ள ஸ்ட்ரட்டை, சக்கரத்தைத் தாங்கும் நக்கிளோடு பூட்டும் இரண்டு போல்ட்டுகளுக்கும் துளைகளுக்கும் இடையில் துளி இடைவெளி இருக்கும். போல்ட்டைத் தளர்த்தி, சக்கரத்தின் மேல் பகுதியை உள்ளே தள்ளிப் பிடித்தபடி முறுக்கினால் அந்த இடைவெளி முழுவதும் நமக்குக் கேம்பராகக் கிடைக்கிறது. என் காரில் அரை டிகிரிக்குக் கொஞ்சம் குறைவு. கம்பெனி அனுமதிக்கும் எல்லைக்குள்தான் வந்தது. செலவு ஒரு அலைன்மென்ட் கூலி. ‘பச்சைக் கட்டத்துக்குள்ள இருக்கு சார், போதும்’ என்று அலைன்மென்ட் திரையைக் காட்டுபவரிடம் போகாதீர்கள். பச்சைக்குள் எந்த ஓரத்தில் நிற்க வேண்டும் என்று நாம் கேட்டால் முகம் சுளிக்காமல் செய்து தருபவர் கிடைத்தால் விடாதீர்கள்.

ஷாக் அப்சார்பர்தான் நான் அதிகம் செலவழித்து அதிகம் குழம்பிய இடம். இரண்டு திருகு உள்ளது வாங்கினேன், ஒன்று அமுங்குவதற்கு, மற்றது திரும்ப நீளுவதற்கு. ஒரு திருகில் பன்னிரண்டு கிளிக். நான்கு சக்கரம். எத்தனை சேர்க்கை என்று கணக்குப் போடாதீர்கள், தூக்கம் போகும். மூன்றாம் சீசன் முழுக்க ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு கிளிக் திருகிக்கொண்டே இருந்தேன், ஓட்டுவதைக் கவனிக்கவில்லை. அந்த ஆண்டு என் நேரங்கள் முந்தைய ஆண்டைவிட மோசம். பிறகு ஒரு மூத்த ஓட்டுநர் என் காரில் இரண்டு லாப் ஓட்டிவிட்டு இறங்கி, ‘எல்லாத்தையும் நடுவுல வை தம்பி, ஒரு வருஷம் தொடாதே’ என்றார். வைத்தேன். பின் சக்கரத்தில் மட்டும் நீளும் பக்கத்தை இரண்டு கிளிக் இறுக்கியது தவிர, இன்றுவரை அப்படியேதான் இருக்கிறது. இரண்டு சீசனுக்கு ஒருமுறை பிரித்து ஆயிலும் சீலும் மாற்ற வேண்டும் என்பதை வாங்கும்போது யோசிக்கவில்லை, அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். நல்ல சாதாரண ஷாக் புதிதாகப் போட்டிருந்தாலே எனக்கு முக்கால்வாசி பலன் கிடைத்திருக்கும்.

ஆன்டி ரோல் பாரில் முன், பின் இரண்டில் ஒன்றைத்தான் மாற்றலாம். முன்சக்கர இயக்கக் காரில் பலரும் பின்னதைத்தான் தேர்வு செய்வார்கள், நானும் அப்படியே. 19 மில்லிமீட்டர் கம்பிக்குப் பதில் 22 மில்லிமீட்டர். மூன்று மில்லிமீட்டர்தானே என்று நினைத்தால் ஏமாந்தோம்; கம்பியின் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறுகிறது, கிட்டத்தட்ட 80 சதவீதம் கூடிவிட்டது. வளைவில் உள்பக்கப் பின்சக்கரம் தரையை விட்டுத் தூக்குவதைப் படத்தில் பார்த்தபோது பெருமையாக இருந்தது. ஸ்டீயரிங்கைத் திருப்பியும் முன்பக்கம் வெளியே நழுவும் அண்டர்ஸ்டீர் வெகுவாகக் குறைந்தது. உலர்ந்த டிராக்கில் இது அருமை. மழையில், வளைவு நடுவில் பயந்து ஆக்சிலரேட்டரை விட்டேன். பின்பக்கம் எனக்கு முன்னால் போய்விட்டது. கார் இரண்டு முறை சுழன்றது. இப்போது வானம் இருட்டினால் பாரைப் பூட்டும் ஒரு பக்க லிங்க்கைக் கழற்றிவிடுகிறேன், எங்கள் விதியில் அதற்கு இடம் இருக்கிறது. உங்கள் புத்தகத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மீதியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பெரிய காற்றோட்டம் என்று விற்ற ஏர் ஃபில்டர்: சத்தம் மாறியது, நேரம் மாறவில்லை. சைலன்சர்: ஐந்து கிலோ குறைந்தது, ஒரு டிராக்கில் சத்த அளவு தாண்டி எச்சரிக்கை வாங்கினேன், ஒரிஜினல் திரும்ப ஏறியது. எடை குறைந்த ரிம்: ஸ்டீயரிங் லேசானது எனக்குப் பிடிக்கும், அகலமும், ரிம் எவ்வளவு உள்ளே வெளியே தள்ளி நிற்கிறது என்ற ஆஃப்செட்டும் விதிக்குள் இருக்கிறதா என்று ஸ்க்ரூட்டினியில் ஒவ்வொரு முறையும் அளப்பார்கள், பழகிவிட்டது.

ஒன்றை மட்டும் போடவே இல்லை. நான்கு புள்ளி சீட் பெல்ட். ஸ்டாக் சீட்டும் கார் உருண்டால் தாங்கும் ரோல் பார் இல்லாத கூரையும் இருக்கும் காரில் அது உடம்பை நிமிர்த்திக் கட்டிவிடும். கார் உருண்டு கூரை அமுங்கினால் சாய இடமிருக்காது. கம்பெனி கொடுத்த மூன்று புள்ளி பெல்ட்டும் ஏர்பேக்கும் அப்படியே இருக்கட்டும் என்று முடிவெடுத்தேன். அந்தக் காசில் ஸ்நெல் என்ற சோதனை அமைப்பின், கார் பந்தயத்துக்கான எஸ்.ஏ. தரமுள்ள ஹெல்மெட் வாங்கினேன். பைக்குக்கான எம். தரத்தில் தீச் சோதனை கிடையாது, இதில் உண்டு.

ஆறாம் சீசன் அடுத்த மாதம் தொடங்குகிறது. இந்த முறை கடைக்குப் போய் வாங்கி வந்தது இரண்டு டப்பா பிரேக் ஆயில், முன் ஹப் பேரிங் ஒரு ஜோடி. பேரிங் ஒரிஜினல்தான், பில்லையும் பாக நம்பரையும் டேஷ்போர்டு பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். அந்த டார்ச் அதிகாரி கேட்பார்.