சித்தப்பாவின் சமையல் சைட், ரம்மி சைட் ஆன கதை: இலவச ஹோஸ்டிங் எடுக்கிறவர்கள் படித்துவிடுங்கள்

"டேய், நம்ம சைட்டைத் திறந்தா ரம்மி ஆடச் சொல்லுதுடா, பொண்ணு வீட்டுக்காரங்க கேக்கறாங்க" என்று சித்தப்பா போன் செய்தபோது நான் நம்பவில்லை. லேப்டாப்பில் திறந்தால் எல்லாம் ஒழுங்காக இருந்தது. அப்புறம் மொபைலில் திறந்து மெனு பக்கத்தைத் தொட்டேன். சாம்பார் சாதம் வர வேண்டிய இடத்தில் சீட்டுக்கட்டு சுழல்கிறது!

அவருடைய கல்யாண சமையல் காண்ட்ராக்ட்டுக்காக நான் செய்து கொடுத்த சைட் அது. வெறும் நாலு பக்கம், எல்லாம் கையால் எழுதிய எச்டிஎம்எல் (வலைப்பக்கம் எழுதும் குறிமொழி). இலவச ஹோஸ்டிங், அதாவது சைட்டை இணையத்தில் வைக்க இடம், ஒரு வருடம் டொமைனும் (சைட்டின் முகவரி) இலவசம் என்றார்கள், போட்டேன். இப்போது பிரவுசரில் வியூ சோர்ஸ் போட்டு, பக்கத்தின் பின்னால் இருக்கும் எச்டிஎம்எல்லைப் பார்த்தால், பக்கம் முடியும் இடத்தில் நான் எழுதாத ஒரு ஸ்கிரிப்ட் வரி. மொபைலாக இருந்தால் மட்டும் வேறு சைட்டுக்குத் தள்ளிவிடுகிறது, அதனால்தான் இத்தனை நாள் என் கண்ணில் படவில்லை. ஹோஸ்டிங் நிறுவனத்துக்குப் புகார் டிக்கெட் போட்டேன். நாலு நாள் கழித்து, இலவசக் கணக்கில் விளம்பரம் வைக்க விதிமுறையில் இடமிருக்கிறது, வேண்டாமென்றால் பணம் கட்டுங்கள் என்று பதில்.

சரி, கழற்றிக்கொண்டு போய்விடலாம் என்றால் பாஸ்வேர்டு மறந்துவிட்டது. மறந்தவர்களுக்கான பட்டனை அமுக்கினால் என் பழைய பாஸ்வேர்டையே அப்படியே மெயிலில் அனுப்புகிறார்கள்! அதாவது அவர்களே படிக்கக்கூடிய வடிவில் வைத்திருக்கிறார்கள். 2015-இல் 000வெப்ஹோஸ்ட் என்ற இலவச சேவையிலிருந்து 1 கோடியே 30 லட்சத்துக்கும் மேற்பட்ட கணக்குகள் கசிந்தபோது பாஸ்வேர்டுகள் அப்பட்டமாகவே கிடந்தன. அதே பாஸ்வேர்டை வேறு எங்கெல்லாம் வைத்திருந்தேனோ, அங்கெல்லாம் அன்றிரவே மாற்றினேன்.

படங்களை என்னிடம் நகல் வைக்காமல் நேராக அவர்கள் தளத்தில் ஏற்றியது என் முட்டாள்தனம். மொத்தமாக டவுன்லோடு செய்யும் வசதி பணம் கட்டியவர்களுக்குத்தானாம். பழைய வலைப்பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் தேடி, 40 படத்தில் 11 மீட்டேன்.

பெரிய அடி டொமைன்தான். டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்று காட்டும் ஹூஇஸ் பதிவேட்டில் தேடிப் பார்த்தால் உரிமையாளர் பெயர் இருக்கும் இடத்தில் அந்த நிறுவனத்தின் பெயர். எங்களுக்கு மாற்றித்தர 4,500 ரூபாய் கேட்டார்கள். சொந்தமாகவே ஒரு .இன் டொமைன் வருடத்துக்கு ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும்போது எதற்குக் கொடுக்க வேண்டும்? என் பெயரிலேயே புதிதாக ஒன்று வாங்கினேன்.

சைட் இப்போது கிட்ஹப் பேஜஸில், கோப்புகளை ஏற்றினால் இலவசமாக சைட்டாகக் காட்டும் சேவை அது. சைட் 1 ஜிபிக்குள் இருக்க வேண்டும், பார்வையாளர்களுக்குப் போகும் டேட்டா மாதம் 100 ஜிபி வரை, இலவசக் கணக்கென்றால் கோப்புகளை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பந்தி மெனுவில் என்ன ரகசியம்? விளம்பரம் இல்லை. நாளைக்கு அங்கேயும் சரிப்படவில்லை என்றால், கோப்புகள் என் லேப்டாப்பில், டொமைன் என் பெயரில், அரை மணி நேரத்தில் வேறு இடத்துக்கு மாற்றிவிடலாம்.

சித்தப்பாதான் இன்னும் மன்னிக்கவில்லை. பழைய முகவரியோடு அடித்த 500 விசிட்டிங் கார்டில் பாதி மிச்சம். ஒவ்வொன்றிலும் பேனாவால் அடித்துப் புது முகவரியை எழுதித்தான் கொடுக்கிறார், நான் பக்கத்தில் இருந்தால் கொஞ்சம் அழுத்தியே அடிக்கிறார்.