பழைய ஹார்டு டிஸ்க்குக்கு ஓரிக்கோ 2139யூ3 கேஸ்

பழைய மடிக்கணினியிலிருந்து கழற்றிய 2.5 அங்குல ஹார்டு டிஸ்க்கில் குடும்பப் படங்கள் இருந்ததால், அதை வெளியிலிருந்து இணைத்துப் பயன்படுத்த ஓரிக்கோவின் இந்த ஒளிபுகும் பிளாஸ்டிக் கேஸைத் தேர்ந்தெடுத்தேன். திருப்புளி தேவையில்லை, மூடியைத் தள்ளித் திறந்து, டிஸ்க்கை உள்ளேயுள்ள சாட்டா இணைப்புக்கு (டிஸ்க்கின் தரவும் மின்சாரமும் செல்லும் முனை) நேராக வைத்து மெல்ல அழுத்தினால் போதும். 9.5 மில்லிமீட்டர் தடிமன் வரையுள்ள டிஸ்க்குகளே இதில் அடங்கும் என்பதால், வாங்கும் முன் தடிமனை அளந்துகொள்வது நல்லது.

மின்சாரம்தான் பலரும் கவனிக்கத் தவறும் விஷயம். 2.5 அங்குல டிஸ்க்குக்கு யுஎஸ்பி வழியே வரும் 5 வோல்ட் போதுமானது. மேசைக் கணினியின் 3.5 அங்குல டிஸ்க்குக்கோ 12 வோல்ட்டும் வேண்டியிருப்பதால், தனி அடாப்டருடன் வரும் பெரிய கேஸைத்தான் வாங்க வேண்டும்.

இதிலுள்ள யுஎஸ்பி 3.0 இணைப்பின் உச்ச வேகம் நொடிக்கு 5 கிகாபிட். சுழலும் டிஸ்க்கால் அதை எட்டவே முடியாது என்பதால், அதற்கென 10 கிகாபிட் கேஸுக்குக் கூடுதல் பணம் கொடுப்பது வீண். ஆனால், விலை மலிவு என்று 480 மெகாபிட் வேகமுள்ள யுஎஸ்பி 2.0 கேஸை வாங்கிவிடாதீர்கள். பெரிய கோப்புகளை நகலெடுக்கையில் பொறுமை போய்விடும். எஸ்எஸ்டி (சுழலும் பாகமில்லாத, வேகமான டிஸ்க்) பொருத்துவதாக இருந்தால், யுஏஎஸ்பி வசதி (யுஎஸ்பி வழியே தரவை வேகமாக அனுப்பும் முறை) உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள்.

எனக்குப் பிடிக்காதது கேபிளை மாட்டும் மைக்ரோ-பி துளை மட்டுமே. அகலமாகவும் மெல்லியதாகவும் இருக்கும் அந்த வகை இணைப்பு, அடிக்கடி கழற்றி மாட்டுவோருக்கு ஏற்றதல்ல. அவர்கள் டைப்-சி துளையுள்ள கேஸையே வாங்கலாம்.