தனிப் பேப்பரா, செய்முறையோடு சேர்த்தா? மனையியலில் மனவெழுச்சி நுண்ணறிவு

தன் உணர்ச்சியையும் பிறர் உணர்ச்சியையும் புரிந்து கையாளும் திறன்தான் மனவெழுச்சி நுண்ணறிவு. மனையியல் பட்டப்படிப்பில் இதைக் கற்பிக்க இரண்டு வழிகள் உண்டு: தனிப் பேப்பர் வைப்பது, அல்லது இருக்கிற செய்முறை வகுப்புகளிலேயே சேர்த்துவிடுவது. எங்கள் தேர்வு இரண்டாவது.

தனிப் பேப்பரின் வசதி தெரிந்ததுதான். ஐந்து யூனிட், ஒரே ஆசிரியர் அறுபது பேருக்கு நடத்திவிடலாம். உணர்ச்சியை இனங்காணல், சிந்தனைக்குப் பயன்படுத்தல், புரிந்துகொள்ளல், கையாளல் என்று உளவியலாளர்கள் மேயரும் சாலவேயும் வகுத்த நான்கு திறன்களும் தெளிவாக மனதில் பதியும்.

இடிப்பது மார்க்கில். 'கோபத்தை அடக்கிக்கொள்வேன்' என்ற சுயமதிப்பீட்டு வரிக்கு மதிப்பெண் உண்டென்றால் வகுப்பே 'எப்போதும்' கட்டத்தில் டிக் போடும். எழுத்துத் தேர்வோ மனப்பாடத்தைத்தான் அளக்கும்.

செய்முறையில் அளக்க ஏதோ ஒன்று கையில் கிடைக்கிறது. துறையின் நர்சரியில், காலையில் அம்மா விட்டுப்போன குழந்தையை இரண்டு மாணவிகள் தனித்தனியே பத்து நிமிடம் கவனிக்கட்டும். ரெக்கார்டு நோட்டில் இடப்பக்கம் கண்டது மட்டும்: 'கதவைப் பார்த்தான், பையை விடவில்லை.' ஊகம் வலப்பக்கம். 'பிடிவாதக்காரன்' என்ற சொல் இடப்பக்கம் வந்தால் மார்க் குறையும். பிறகு இரு நோட்டுகளையும் ஒப்பிட்டு ஊகத்தைத் திருத்தச் சொல்லுங்கள். பத்துக்கு நான்கு மார்க் பதிவுக்கு, இரண்டு ஊகத்துக்கு, நான்கு திருத்தத்துக்கு. குணத்துக்கு மார்க் கிடையாது. குணத்துக்கு மார்க் போட்டால் வாயாடாத பெண்தான் முதலில் அடிபடுவாள்.

ஐம்பது பேருக்குச் சமைக்கும் வகுப்பும் தோதானது. ஆறு பேர் குழுவில் யார் எந்த வேலை என்ற அட்டவணை ஆசிரியர் கையில் இருக்கட்டும். அவர்களிடமே விட்டால் சத்தம் போடுபவள் அடுப்படியில், அமைதியானவள் வாரா வாரம் பாத்திரத் தொட்டியில். பருப்பு வேகாமல் பந்தி தாமதமானால் யார் என்ன சொன்னார்கள் என்று அன்றைக்கே இருபது நிமிடம் பேசிவிட வேண்டும். அடுத்த வாரம் கேட்டால், "எல்லாம் நல்லாத்தான் போச்சு மேம்."

விலையும் உண்டு. ஒரு பேட்ச் இருபத்துநாலைத் தாண்டினால் இந்தப் பேச்சு நடக்காது. ரெக்கார்டு திருத்தவே மாலை போய்விடும். நர்சரி இல்லாத கல்லூரி பக்கத்து அங்கன்வாடிக்குப் போகலாம். குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரின் அனுமதியைப் பருவம் தொடங்கும் முன்பே வாங்கிவிடுங்கள். தொலைநிலைக் கல்விக்கு இது எந்த அளவு ஒத்துவரும் என்று அடித்துச் சொல்ல மாட்டோம். அங்கே தனிப் பேப்பரே நடைமுறைக்கு எளிது. சுயமதிப்பீட்டுப் படிவத்துக்கு மட்டும் மார்க் வைக்காதீர்கள்.