நெக்ஸ்ட் பொத்தானும் வண்ணி மரமும்

கும்பகோணம் பக்கம் ஒரு கிளை நூலகத்தில் 31 வருடம் புத்தகம் எடுத்துக் கொடுத்தவள் நான். ஓய்வு பெற்ற பிறகும் மத்தியானத் தூக்கம் பழகவில்லை. அந்த இரண்டு மணி நேரத்தை இப்போது 'சைட்டேஷன் ஹன்ட்' என்கிற கருவிக்குக் கொடுத்திருக்கிறேன். ஒன்றரை வருடமாகப் பயன்படுத்துவதால், நல்லது கெட்டது சொல்லலாம் என்று தோன்றுகிறது.

விக்கிப்பீடியாவில் சில வரிகளின் முடிவில் சதுர அடைப்புக்குள் 'சான்று தேவை' என்று பொடி எழுத்தில் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இந்த வரியை யார் சொன்னது, எங்கே அச்சாகியிருக்கிறது என்று வேறொரு தொகுப்பாளர் கேட்டு வைத்துவிட்டுப் போன கேள்வி அது. அப்படிக் குறி விழுந்த வரிகளைப் பொறுக்கி, ஒவ்வொன்றாக நம் முன்னால் போடுவதுதான் இந்தக் கருவியின் வேலை. திரையில் கட்டுரையின் தலைப்பு, அதன் கீழே ஒரு பத்தி, குறி விழுந்த இடம் பளிச்சென்று, அப்புறம் இரண்டு பொத்தான்கள். சான்று கிடைத்தால் ஒன்றை அழுத்திக் கட்டுரைக்குள் போய்ச் சேர்க்கலாம். கிடைக்காவிட்டால் 'நெக்ஸ்ட்'. கடவுச்சொல் வேண்டாம், பயிற்சி வேண்டாம். குறிப்பிட்ட துறை மட்டும் போதும் என்றால் பகுப்பின், அதாவது ஒரே துறைக் கட்டுரைகளைச் சேர்த்துவைத்த பட்டியலின், பெயரைத் தட்டினால் போதும்.

இந்த எளிமைக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். விக்கிப்பீடியாவின் 15-வது பிறந்தநாளை ஒட்டி 2016 ஜனவரியில், நூலகர் ஒவ்வொருவரும் ஒரு மேற்கோளாவது சேர்க்க வேண்டும் என்று ஓர் இயக்கம் தொடங்கியது. அதில் சேருகிறவர்கள் கையிலும் இந்தக் கருவியைத்தான் கொடுத்தார்கள். எனக்கு விஷயம் தாமதமாகத்தான் தெரிந்தது. தெரிந்திருந்தால் அப்போதே நூலகத்தின் ஒரே கணினியை இதற்கு ஒதுக்கியிருப்பேன், மேலிடத்தில் கேட்காமல்.

'நெக்ஸ்ட்' பொத்தானைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நூலகத்தில் ஒருவர் கேட்ட புத்தகம் இல்லை என்றால் அவர் முகத்தைப் பார்த்து 'இல்லை' என்று சொல்ல வேண்டியிருக்கும். இங்கே அந்தச் சங்கடம் இல்லை. ஐரோப்பியக் கால்பந்து வீரர் ஒருவரின் முழங்கால் அறுவை சிகிச்சை பற்றி வருகிறதா, நெக்ஸ்ட். ஏதோ ரயில் பாதையின் அகலமா, நெக்ஸ்ட். பத்து முறை தள்ளினால் ஒன்று நமக்குத் தெரிந்த ஊர்ப் பக்கம் வரும்.

ஆனால் இந்தக் கருவி நமக்கு வரியைத்தான் காட்டும், சான்றைக் காட்டாது. இதை எதிர்பார்த்து ஏமாறுகிறவர்கள் அதிகம். இன்னொன்று, பட்டியல் உடனுக்குடன் புதுப்பிக்கப்படுவதில்லை. ஆசையாக உள்ளே போனால், யாரோ முந்தாநாளே சான்று போட்டு முடித்திருப்பார்கள்.

அடுத்தது, ஒரு வரியில்லை, முழுக் கட்டுரையிலும் ஒரு சான்றுகூடக் கிடையாது என்கிற வகை. தமிழ் விக்கிப்பீடியாவில் இதற்கென்று ஒரு பகுப்பே இருக்கிறது. கட்டுரையின் தலையில் 'சான்றில்லை' என்று சொல்லும் வார்ப்புரு, அதாவது ஆயத்த அறிவிப்புப் பெட்டி, போட்டால் தானாக அந்தப் பகுப்பில் போய்ச் சேர்ந்துவிடும். நான் அதிகம் உட்காருவது அங்கேதான். கோயில், ஊர், மறைந்த கலைஞர்கள் என்று நம் கைக்கெட்டும் சரக்கு.

ஒரு சிவன் கோயில் கட்டுரை. எங்கள் வீட்டிலிருந்து பேருந்தில் முக்கால் மணி நேரம். மொத்தமே ஏழு வரி, சான்று பூஜ்யம். இரண்டாம் குலோத்துங்க சோழன் கட்டியது என்று இரண்டாவது வரி. தலவிருட்சம் வண்ணி மரம் என்று நாலாவது வரி. வன்னி, வண்ணியாகியிருந்தது. சரி, முதலில் தேடிப் பார்ப்போம் என்று கூகுளில் போட்டேன். ஓர் ஆன்மிகத் தளம் முதலில் வந்தது. குலோத்துங்கன் கட்டியது அப்படியே இருந்தது. சந்தோஷமாக இணைப்பை நகலெடுத்துவிட்டேன். பக்கத்தை மூடப் போகும்போதுதான் கண்ணில் பட்டது, அங்கேயும் வண்ணி மரம்.

கட்டுரையின் வரலாற்றுப் பக்கத்தைத் திறந்து தேதி பார்த்தேன். விக்கிப்பீடியாவில் அந்த வரி ஏறி இரண்டு வருடம் கழித்துத்தான் அந்தத் தளத்தில் பக்கமே வந்திருக்கிறது. இங்கிருந்து அங்கே போனதை நான் அங்கிருந்து இங்கே சான்றாகக் கொண்டுவரப் பார்த்திருக்கிறேன். என் கையெழுத்தை நானே சாட்சியாகப் போடுவது மாதிரி. அந்த ஒற்றை 'ண்' மட்டும் இல்லாவிட்டால் கட்டுரை இன்று சான்றுள்ள கட்டுரையாகக் கணக்கில் ஏறியிருக்கும். சான்றில்லாமல் இருந்ததைவிட மோசமாக. எழுத்துப்பிழையால் ஒரு நல்லது நடந்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

பிறகு கல்வெட்டுத் துறையின் பழைய ஆண்டறிக்கைகளைத் தேடினேன். இன்டர்நெட் ஆர்க்கைவில் ஸ்கேன் செய்து வைத்திருக்கிறார்கள், காசு கிடையாது. ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் எந்த எழுத்தில் போட்டிருப்பார்கள் என்று ஊகித்துத் தேட வேண்டும். மூன்று மத்தியானம் போனது. கடைசியில் ஒரு வரி கிடைத்தது: வடபுறச் சுவர், குலோத்துங்க சோழதேவன், ஆட்சியாண்டு இன்னது, நந்தா விளக்கு, அதாவது அணையா விளக்கு, எரிக்க ஆடுகள் கொடை. அவ்வளவுதான். சோழர் காலத்தில் ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடு விடுவது வழக்கம்; சாவா மூவாப் பேராடு என்பார்கள். விளக்குக்கு ஆடு விட்டால் கோயில் ஏற்கெனவே அங்கே இருந்தது என்றுதானே அர்த்தம்? அதிலும் எந்தக் குலோத்துங்கன்? 1070-இல் பட்டத்துக்கு வந்தவனா, 1133-இல் வந்தவனா, 1178-இல் வந்தவனா? அறிக்கை சொல்லவில்லை. 'இரண்டாம்' என்பது எழுதியவருக்குப் பிடித்த எண் போல.

ஆக, வரிக்குச் சான்று தேடிப் போய், சான்றுக்கு ஏற்றபடி வரியை மாற்றினேன். 'கட்டினான்' போய், 'குலோத்துங்க சோழன் காலக் கல்வெட்டு உள்ளது' என்று ஆனது. பக்க எண்ணோடு அடிக்குறிப்பு. வண்ணியையும் வன்னியாக்கினேன். அந்த மரத்தடியில் நானே உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டிருக்கிறேன், ஆனால் அது சான்றாகாது. சொந்த ஆய்வு கூடாது என்பது விக்கிப்பீடியாவின் விதி. நம் கண்ணால் பார்த்ததைவிட அச்சில் வந்ததற்குத்தான் மதிப்பு. முதலில் இது எனக்கு எரிச்சலாக இருந்தது. எல்லாரும் 'நான் பார்த்தேன்' என்று எழுத ஆரம்பித்தால் என்ன ஆகும் என்று யோசித்த பிறகு பழகிவிட்டது. மர வரியில் மட்டும் 'சான்று தேவை' போட்டுவிட்டு வந்தேன்.

சான்று தேட உதவும் மற்ற இடங்களையும் சொல்லிவிடுகிறேன். 'விக்கிப்பீடியா நூலகம்' என்று ஒரு சேவை உண்டு. கணக்குத் தொடங்கி ஆறு மாதமும், 500 தொகுப்புகளும் (நாம் செய்து சேமிக்கும் ஒவ்வொரு திருத்தமும் ஒரு தொகுப்பு), கடைசி 30 நாளில் 10 தொகுப்புகளும் ஆகியிருந்தால், ஜேஸ்டோர், ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ் போன்ற இடங்களின் கட்டண ஆய்விதழ்களை இலவசமாகப் படிக்கலாம். என் 500-இல் பாதி ஒற்றுப் பிழை திருத்தியது, அது கணக்கில் சேரும். உள்ளே போனால் பொக்கிஷம்தான், ஆனால் ஆங்கிலப் பொக்கிஷம். தமிழ்ப் பத்திரிகையில் 1940-இல் வந்த ஒரு கச்சேரிச் செய்தியை அங்கே தேடிப் பயனில்லை. அதற்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம். ஈழத்து விஷயம் என்றால் 2005-இலிருந்து இயங்கும் 'நூலகம்' தளம். இவை இரண்டுக்கும் ஐந்து நட்சத்திரம், கண்ணை மூடிக்கொண்டு. பழைய இதழ்கள் பெரும்பாலும் படங்களாகத்தான் இருக்கின்றன, அதனால் சொல்லைத் தட்டித் தேட முடியாது. பக்கம் பக்கமாகத் தள்ள வேண்டும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் ணை, லை, றா எல்லாம் வேறு உருவில் இருப்பதால் இளசுகள் தடுமாறுகிறார்கள். எனக்கு அந்த எழுத்துதான் வசதி.

இணைய முகவரியை ஒட்டினால் தானே மேற்கோளாக மாற்றிக் கொடுக்கும் வசதி தொகுப்புப் பெட்டியிலேயே இருக்கிறது. புத்தகத்தின் ஐஎஸ்பிஎன் எண்ணைக் கொடுத்தாலும் முயன்று பார்க்கும். நேரம் மிச்சம். சரிபார்க்காமல் பதிந்துவிடாதீர்கள், சில தளங்கள் எழுதியவர் பெயருக்குப் பதில் 'அட்மின்' என்று வைத்திருக்கும். அதுவும் அப்படியே அடிக்குறிப்பில் வந்து உட்காரும்.

எங்கள் நூலகத்துக்கு வந்துகொண்டிருந்த ஒரு பையன், இப்போது கல்லூரி இறுதியாண்டு, அவனும் தொகுக்கிறான். நாதஸ்வர வித்வான் ஒருவரைப் பற்றிய கட்டுரையைக் காட்டி, "மேடம், கூகுள்ல ஒண்ணுமே வரல. நீக்கச் சொல்லிப் போட்டுடவா?" என்றான்.

"தம்பி, அவர் போய்ச் சேர்ந்து எழுபது வருஷம் ஆச்சு. கூகுள்ல அவருக்கு என்ன வேலை?"

"அப்ப லிங்க் இல்லாம எப்படி மேடம் போடுறது?"

இதுதான் பலருக்குத் தெரிவதில்லை. சான்றுக்கு இணைப்பு கட்டாயமே இல்லை. அச்சுப் புத்தகம், ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு, பக்கம் கொடுத்தால் போதும். நீக்கச் சொல்வதற்கு முன்னால் தேடிப் பார்ப்பது பரிந்துரைப்பவரின் கடமை என்று ஆங்கில விக்கிப்பீடியா எழுதியே வைத்திருக்கிறது. அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து மின்னூலகத்தில் தேடினோம். நாலாம் நாள் ஒரு பழைய வார இதழில் திருவாரூர்க் கச்சேரி பற்றி இருபது வரி கிடைத்தது. பையன் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்தார்.

உயிரோடு இருப்பவர் விஷயத்தில் மட்டும் நானும் பொறுமைசாலி இல்லை. 2005-இல் அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜான் சைகன்தாலர் கட்டுரையில், கென்னடி கொலைகளோடு அவரைச் சம்பந்தப்படுத்தி யாரோ விளையாட்டாக எழுதிவைத்தது நாலு மாதத்துக்கு மேல் அப்படியே கிடந்தது. அந்த வருடக் கடைசியில்தான், கணக்கு இல்லாதவர்கள் ஆங்கில விக்கிப்பீடியாவில் புதுக் கட்டுரை தொடங்க முடியாது என்று ஆக்கினார்கள். 2010 மார்ச்சுக்குப் பிறகு தொடங்கிய வாழும் நபர் கட்டுரையில் ஒரு சான்றுகூட இல்லையென்றால், ஏழு நாள் கெடு கொடுத்து நீக்கலாம் என்று அங்கே விதியும் வந்தது. அதனால் உள்ளூர்ப் பிரமுகர் ஒருவர் கட்டுரையில் சான்றில்லாமல் வழக்கு, கைது என்றெல்லாம் பார்த்தால் நான் குறி போட்டுக் காத்திருப்பதில்லை. அந்த வரியை எடுத்துவிட்டு, ஏன் எடுத்தேன் என்று, கட்டுரையைப் பற்றித் தொகுப்பாளர்கள் விவாதிக்கும் பேச்சுப் பக்கத்தில் எழுதிவிடுவேன். குலோத்துங்கன் கோபித்துக்கொள்ள மாட்டான்; அந்தப் பிரமுகருக்குப் பள்ளிக்கூடம் போகும் பேரப்பிள்ளைகள் இருப்பார்கள்.

குறைகளில் பெரியதாக எனக்குப் படுவது, குறி போடுவது சுலபமாகவும் எடுப்பது கஷ்டமாகவும் இருப்பது. ஒருவர் அரை மணி நேரத்தில் நாற்பது கட்டுரைக்கு வார்ப்புரு ஒட்டிவிட்டுப் போகலாம். அதில் ஒன்றைக் கழற்ற எனக்கு மூன்று மத்தியானம். ஒட்டுகிறவர், பத்துக்கு ஒன்றையாவது தேடிப் பார்த்துவிட்டு ஒட்டினால் தேவலை.

சைட்டேஷன் ஹன்டுக்கு நாலு நட்சத்திரம். ஒன்றைக் குறைத்தது தீர்ந்த வரிகளையே திரும்பக் காட்டுவதற்காக. வித்வான் கட்டுரையில் இன்னும் ஒரு குறி பாக்கி இருக்கிறது. அவர் பிறந்த வருடமாக அந்த வார இதழ் ஒன்றைச் சொல்கிறது, பேரன் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் படத்தின் அடியில் வேறொன்று இருக்கிறது. பழைய தமிழ் அச்சுகளைச் சேர்த்து வைத்திருக்கும் சென்னை தரமணி ரோஜா முத்தையா நூலகத்துக்கு அடுத்த மாதம் போகிறோம். பையனுக்கு செமஸ்டர் தேர்வு முடிய வேண்டும்.