க்ரீமி ட்ரீட்: தெருப்பூனையைக் கைக்கு வரவைக்க 25 ரூபாய் கொடுக்கலாமா?

பாசத்தால் வாங்கிய சாமான் இல்லை இது. தூத்துக்குடியில் வீட்டு முன்னறையில் தையல் கடை வைத்திருக்கிறேன். அங்கே கட்பீஸ் மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு வெள்ளைப் பூனை மூன்று குட்டி போட்டுவிட்டது. ஆள் நிழல் பட்டாலே மூன்றும் சீறும். லைனிங் துணி எடுக்கக்கூட உள்ளே கை விட முடியவில்லை. யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றால், சீறுகிற குட்டியை யார் வாங்குவார்கள்? முதலில் அவை மனிதக் கைக்குப் பழக வேண்டும். அதற்காகத்தான் க்ரீமி ட்ரீட் வாங்கினேன். வேலை செய்கிறது. ஆனால் எல்லாப் பூனையிடமும் இல்லை.

மீனையோ கோழியையோ கூழாக அரைத்து ஒல்லியான பாக்கெட்டில் அடைத்து விற்கிறார்கள். கடையில் ஸ்டிக் என்று கேட்டால் கொடுப்பார்கள். ஜப்பானின் இனாபா கம்பெனி போடும் 'சுரு' (Churu)தான் இந்த வகையில் பேர் வாங்கியது, ஒரு ஸ்டிக் 14 கிராம். தாய்லாந்துத் தயாரிப்பான மீ-ஓ நம் ஊர்க் கடைகளில் சுலபமாகக் கிடைக்கிறது. இரண்டையும் வாங்கிப் பார்த்தேன். என் குட்டிகள் இரண்டுக்கும் ஒரே மாதிரி ஓடி வந்தன, அதனால் எது கிடைக்கிறதோ அதையே வாங்குங்கள். இவை போக விலை குறைவான இன்னொன்றும் வாங்கினேன். அது ரசம் மாதிரி ஒழுகியது. நான் நினைத்த காரியத்துக்கு ஒழுகுவது உதவாது.

காரியம் இதுதான். தெருப்பூனைக்கு ஒரு மீன் துண்டு வைத்தால் கவ்விக்கொண்டு ஓடிவிடும். பெல்லட் என்கிற காய்ந்த தீனி வைத்தால் நாம் நகர்ந்த பிறகுதான் வந்து தின்னும். இரண்டிலும் அதற்கு வயிறு நிறையும், நம்மைப் பற்றி ஒன்றும் தெரியாது. க்ரீமைக் கவ்வ முடியாது. நாம் பிதுக்கினால்தான் வரும், நின்று நக்கினால்தான் கிடைக்கும். நக்கி முடிக்கும்வரை நம் கையின் வாசனை அதன் மூக்குக்கு முன்னால்தான் இருக்கும். காசு கொடுப்பது இந்த நேரத்துக்குத்தான்.

எடுத்த உடனே ஸ்டிக்கை நீட்டினால் வராது. நான் ஜாக்கெட் அளவு போடும் மர ஸ்கேலை எடுத்து, அதன் நுனியில் ஒரு மொச்சைக் கொட்டை அளவு க்ரீமைப் பிதுக்கி, தரையில் உட்கார்ந்துகொண்டு மூட்டை இடுக்குக்குள் தள்ளினேன். நிற்கக் கூடாது, குட்டிக்கு நாம் பனைமர உயரம். நேராக முறைத்துப் பார்க்கவும் கூடாது. மெதுவாகக் கண்ணைச் சுருக்கி மூடித் திறந்தால் பூனைகள் கொஞ்சம் நெருங்குகின்றன என்று இங்கிலாந்தில் ஆராய்ந்து 2020இல் ஒரு கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள். என் வீட்டுக்காரருக்கு இதைச் செய்து காட்டினேன், சிரித்தார். பூனை சிரிக்கவில்லை, அதுவும் கண்ணை மூடித் திறந்தது.

முதலில் வந்தது சாம்பல் குட்டி. கழுத்தை மட்டும் நீட்டி, பின்னங்கால் இரண்டையும் ஓடுவதற்குத் தயாராக வைத்துக்கொண்டு நக்கியது. காது ஒன்று முன்னால், ஒன்று பக்கவாட்டில். ஸ்கேலில் பன்னிரண்டாம் இஞ்சில் வைத்த க்ரீமை அடுத்த முறை பத்தில் வைத்தேன், அப்புறம் எட்டில். இரண்டு காதும் முன்னால் திரும்பி வால் தளர்ந்த பிறகுதான் அடுத்த இஞ்ச். கடைசியில் ஸ்கேலை எடுத்துவிட்டு என் கையின் பின்புறத்தில் தடவிக் கொடுத்தேன். விரல் நுனியில் தடவாதீர்கள், குட்டி பல்லைப் போட்டுப் பார்க்கும். நக்கும்போது மற்றக் கையால் தாடைக்கு அடியில் ஒரு விரல். மேலிருந்து தலையைத் தொடப் போனால் பருந்து இறங்குகிற மாதிரி பதறிவிடும்.

இதில் வயதுதான் பெரிய விஷயம். பூனைக்குட்டி மனிதர்களை எளிதாக ஏற்றுக்கொள்வது ஏறக்குறைய இரண்டாம் வாரத்திலிருந்து ஏழாம் வாரம் வரை. அதற்குப் பிறகும் பழகும், ஆனால் நாள் பிடிக்கும். என் குட்டிகளுக்குக் கண்ணின் நீலம் அப்போதுதான் மாறத் தொடங்கியிருந்தது, ஆறேழு வாரம் என்று கணக்கு. பால் மட்டும் குடிக்கிற குட்டிக்கு இதைக் கொடுக்கக் கூடாது. அப்புறம் தாய். அது சீறினால் குட்டியும் சீறக் கற்றுக்கொள்கிறது. அதனால் எப்போதும் முதல் வாய் வெள்ளைப் பூனைக்கு. அது நிதானமாக நக்குவதைப் பார்த்த பிறகு குட்டிகள் தாமாகவே வந்தன.

விலை? எங்கள் பக்கம் ஒரு ஸ்டிக் சுமார் 25 ரூபாய். வாசலுக்கு மீன் கொண்டு வரும் ஆச்சியிடம் சொன்னேன். "பூனைக்கு இருபத்தஞ்சு ரூவாயா? சாளைக்கு என்னளா கேடு?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. க்ரீமில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான், ஒரு ஸ்டிக்கில் ஆறேழு கலோரி இருந்தால் அதிகம். சாப்பாட்டோடு கூடுதலாகத் தருவது என்று பாக்கெட்டிலேயே போட்டிருக்கிறது. பால் கொடுக்கிற தாய்க்கு இது எந்த மூலைக்கு? அதற்கு ஆச்சியின் சாளையைத்தான் உப்பு, மசாலா இல்லாமல் அவித்து, முள்ளை எடுத்துவிட்டுக் கொடுத்தேன். பச்சையாகத் தொடர்ந்து போடக் கூடாது. சாளையிலும் நெத்திலியிலும் பி1 வைட்டமினை அழிக்கிற ஒரு பொருள் இருக்கிறது, அவித்தால் அது போய்விடும். மீந்த மீன் குழம்புச் சோறும் வேண்டாம், வெங்காயமும் பூண்டும் பூனைக்கு விஷம். பசும்பால் பல பூனைகளுக்கு வயிற்றால் போகும்.

ஒரு ஸ்டிக்கை ஒரே பூனைக்குக் காலி செய்ய வேண்டியதும் இல்லை. மூன்று குட்டிக்கும் தாய்க்கும் சேர்த்து ஒரு வேளைக்கு ஒன்று போதும், நமக்கு வேண்டியது அளவு இல்லை, நேரம். வாயைக் கிழித்ததும் மிச்சத்தைக் கிளிப் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். எங்கள் ஊர் வெயிலுக்கு மேசையில் விட்டால் மாலைக்குள் நாற்றமெடுக்கும். உப்பிய பாக்கெட்டை வாங்கவே வாங்காதீர்கள்.

இனி இது தோற்ற இடம். பின்சந்தில் ஒரு கடுவன் பூனை இருக்கிறது, ஒரு காது கிழிந்தது, தெருவிலேயே வளர்ந்தது. ஸ்கேல் நுனியில் வைத்த க்ரீமை முழுக்க நக்கும், முடிந்ததும் ஸ்கேலை ஒரு அறை அறையும். மாதக்கணக்கில் இதே கதை. வளர்ந்த பிறகு மனிதரைப் பார்த்த பூனைக்கு க்ரீம் பிடிக்கும், நம்மைப் பிடிக்காது. அதைத் தொட்டுத்தான் ஆக வேண்டும் என்று யாரும் அடம்பிடிக்க வேண்டாம், சந்தில் அது நிம்மதியாகத்தான் இருக்கிறது. குட்டியோ கடுவனோ, கீறினால் கடித்தால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வெறிநாய்க்கடிக்குப் போடும் அதே ஊசிதான், அரசு மருத்துவமனையில் காசில்லாமல் போடுகிறார்கள்.

நான் எதிர்பார்க்காத ஒரு பயனும் கிடைத்தது. வெள்ளைப் பூனையைக் கருத்தடைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. விட்டால் குட்டிகள் பால் மறப்பதற்குள்ளேயே அடுத்த சினை பிடித்துவிடும், 65 நாளில் அடுத்த ஈற்று. கூடையின் உள்சுவரில் க்ரீமைத் தடவி வைத்தேன், தானே ஏறிப் போனது, கதவைச் சாத்தினேன். மயக்க மருந்து கொடுப்பதற்கு முன் வயிறு காலியாக இருக்க வேண்டும் என்பதால் இதை முந்தின நாள் சாயங்காலமே செய்துவிட வேண்டும். எத்தனை மணி நேரம் பட்டினி என்பதை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

குட்டிகளில் இரண்டை ஜாக்கெட் தைக்க வந்த அக்காக்கள் வாங்கிப் போனார்கள். சாம்பல் குட்டி என்னோடு நின்றுவிட்டது. பழக்குவதற்கென்று வாங்குபவர்கள் நாலு ஸ்டிக் உள்ள சின்ன பாக்கெட்டாகவே வாங்குங்கள். ஐம்பது ஸ்டிக் ஜாடி லாபமாகத் தெரியும், ஆனால் கை பழகிய பிறகு குட்டி வெறும் கைக்கே வருகிறது. மிச்ச ஸ்டிக்கை எல்லாம் கடுவனுக்குத்தான் கொடுக்க வேண்டிவரும்.